மால்சுன் பெரியம்மா கடை வாசலில் தொங்கிய வார்த்தை

தோங்யோங்
ஏப்ரல் கடைசி ஞாயிறு, மழை விட்ட மத்தியானம்

அன்பு மகள் ஹேவொனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கும் மனசுக்கும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆக்லாந்தில் இப்போது குளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும், நமக்கு இங்கே செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து படிக்கட்டு ஓரம் முழுக்க மழையில் ஊறிக் கிடக்கிறது, பெருக்கிப் பெருக்கி உன் அம்மாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. சிப்பி உடைக்கிற கொட்டகை இந்த வருஷத்துக்கு மூடியாகிவிட்டது, அதனால் அம்மா வீட்டோடு இருக்கிறாள், வீட்டோடு இருப்பதால் நான் செய்கிற எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் இருக்கிறது. முட்டிவலி போன வருஷம் மாதிரி இல்லை. ஊசி போட்ட பிறகு கீழே துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு நிற்காமல் மேலே ஏறி வந்துவிடுகிறாள், வந்ததும் வலிக்கவே இல்லை என்று தெரு முழுக்கச் சொல்கிறாள், படுக்கப் போகும்போது மட்டும் என்னிடம் தைலத்தை நீட்டுகிறாள். மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடிப்பு என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது, அவரை மெத்தையை விட்டுத் தரையில் படுக்கச் சொல். நெத்திலிக் கருவாடும் மிளகாய்ப் பொடியும் காய்ந்த கடற்பாசியும் போன வாரம் பார்சலில் அனுப்பினோம், சுங்கத்தில் பிரித்துப் பார்த்தாலும் பார்ப்பார்கள், அதற்காக அம்மா ஒவ்வொன்றையும் மூன்று உறை போட்டுச் சுற்றியிருக்கிறாள், பிரிப்பவர்கள் பாவம்.

போனில் சொல்லாமல் ஏன் இவ்வளவு பெரிய காகிதத்தை எடுத்தேன் என்றால், மால்சுன் பெரியம்மா கடையில் நடந்த ஒரு விஷயத்தை உனக்கு முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும், போனில் ஆரம்பித்தால் அம்மா பிடுங்கிக்கொண்டு கடைசியை முதலில் சொல்லிவிடுவாள். பெரியம்மாவும் அம்மாவும் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருபது வருஷம் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிப்பி உடைத்தவர்கள், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இரண்டு பேரில் யார் முதலில் வீட்டுக்கு வந்தார்களோ அவர்கள் கையால்தான் உனக்குச் சோறு. நீ அந்த நாட்டுக்குப் போன பிறகுதான் பெரியம்மா கொட்டகை வேலையை விட்டுவிட்டு நம் மேட்டுத் தெருவிலேயே கடை போட்டார். அது உனக்கும் தெரியும், ஆனால் எப்படிப் போட்டார் என்று தெரியாது. நகராட்சி நம் மேட்டை இடித்துவிட்டுப் பூங்கா கட்டப்போகிறோம் என்று சுவரில் எண் எழுதிவிட்டுப் போனது நினைவிருக்கிறதா, அப்போது கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்து எண் எழுதிய சுவரிலெல்லாம் படம் வரைந்தார்கள், படத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், ஆட்கள் வந்ததைப் பார்த்து நகராட்சி இடிக்கிற திட்டத்தை மடித்து வைத்துவிட்டு அடிவாரத்தில் ‘சுற்றுலாத் தலம்’ என்று பெரிய பலகை நட்டது. அந்தப் பலகை நட்ட அன்று உன் அம்மா அழுதாள், பெரியம்மா பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார், வருகிற ஆட்களை நம்பித்தான் கடையும் போட்டார். அதனால் நமக்கு அந்த வார்த்தை வெறும் வார்த்தை இல்லை, வீட்டுக் கூரையைக் காப்பாற்றிக் கொடுத்த வார்த்தை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

பெரியம்மா கடையின் பக்கச் சுவரில்தான் அந்தத் தேவதைச் சிறகு வரைந்திருக்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் அதில் முதுகை ஒட்டி நின்று கையை விரித்துப் படம் எடுத்துவிட்டு, பசிக்கிறது என்று கடைக்குள் நுழைவார்கள், பெரியம்மா கடற்பாசியில் சுருட்டிய சோறும் காரக் கணவாயும் முள்ளங்கியும் கொடுப்பார். நல்ல ஓட்டம். அவருடைய மகன் உல்சானிலிருந்து வந்தபோது, கடையைப் பற்றி ஆட்கள் என்ன எழுதுகிறார்கள் என்று போனில் பார்ப்பதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான், அதிலிருந்து பெரியம்மா போனும் கையுமாக இருந்தார். மார்ச்சில் ஒரு வெளிநாட்டுப் பெண் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், வெரி டூரிஸ்டி என்று. அதற்குக் கீழே கணவாய் நன்றாக இருந்தது, படிக்கட்டு நிறைய என்று என்னவோ. பெரியம்மா போனை விட்டே மொழிபெயர்க்கச் சொன்னார், ‘மிகவும் சுற்றுலாத் தலம் போன்றது’ என்று போன் சொன்னது. அவ்வளவுதான், பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்துவிட்டார். “நகராட்சி மேட்டுக்குத்தான் பட்டம் கொடுத்துச்சு, இந்தப் பொண்ணு என் கடைக்கே கொடுத்துட்டா, அதுவும் வெறும் சுற்றுலா இல்ல, மிகவும் சுற்றுலா!” என்றார். அடுத்த வாரமே கீழே கடைத்தெருவில் பேனர் அடித்துக்கொண்டு வந்தார், மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து, வெரி டூரிஸ்டி என்று ஆங்கிலத்தில், பக்கத்தில் கட்டை விரல் தூக்கிய ஒரு கை. ஒரு நுனியை முடிதிருத்தும் பியோ கட்டினான், இன்னொரு நுனியை நான் கட்டினேன். துறைமுகத்தில் படகில் இருப்பவனுக்கும் தெரிகிற மாதிரி இறுக்கிக் கட்டு தம்பி என்று பெரியம்மா கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தெரிந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் படிக்கட்டில் ஏறி வந்து பேனரைப் பார்த்ததும் நின்று சிரித்தார்கள், சிறகை விட்டுவிட்டுப் பேனரைப் படம் எடுத்தார்கள், அவர்கள் சிரிக்கிறார்களே, சந்தோஷம்தானே என்று பெரியம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து பேனருக்குக் கீழே நின்று இரண்டு விரலைக் காட்டினார். நான் பியோ கடையில் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன், எனக்கு அந்தச் சிரிப்பில் என்னவோ ஒன்று இடித்தது. சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொள்கிறார்களே, நல்லதுக்குச் சிரிக்கிறவன் ஏன் வாயைப் பொத்த வேண்டும். ஒருநாள் சியோலிலிருந்து வந்த ஒரு ஜோடி இதே மாதிரி சிரித்தது, நம் ஆட்கள்தானே என்று நான் இறங்கிப் போய்க் கேட்டேன். அந்தப் பெண் முதலில் ஒன்றுமில்லை ஐயா என்றாள், நான் விடவில்லை, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஐயா, அது பாராட்டு இல்ல. ஒரு இடம் ஊருக்குன்னு இல்லாம, வர்றவங்க கையில இருக்கறத வாங்கறதுக்குன்னே ஜோடிச்சு வச்சிருந்தா அப்படிச் சொல்லுவாங்க. முகம் சுளிச்சுக்கிட்டுச் சொல்ற வார்த்தை” என்றாள். எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. போன வருஷம் நீங்கள் இரண்டு பேரும் ஏதோ வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்குப் போய்விட்டு வந்து, “நல்லாத்தான் இருந்துச்சுப்பா, ஆனா ரொம்ப டூரிஸ்டி” என்று போனில் சொன்னாய், நான் ரொம்ப சந்தோஷம்மா என்றேன், நீ உடனே அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பியோவிடமும் சொன்னேன், அவன் கத்தரிக்கோலைச் சுழற்றிக்கொண்டே, “எதுக்குச் சொல்லணும்? மேயரம்மா சந்தோஷமா இருக்காங்க, கடையும் ஓடுது, நீ போய் ஊசியால குத்தாதே” என்றான், அவன் பெரியம்மாவை எப்போதும் மேயரம்மா என்றுதான் சொல்வான், அது உனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, எதற்கு வம்பு. ஆனால் உன் அம்மா கேட்கவில்லை. “அவங்க சந்தோஷமா இருக்காங்க, ஆனா பார்க்கறவன் அவங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். ரெண்டும் தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டு இருந்தா நானும் அந்தச் சிரிக்கிற கூட்டத்துல ஒருத்திதானே” என்றாள். அப்படியும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டாள். போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புவாள், பாதி வழியில் எதையோ மறந்தவள் மாதிரி திரும்பி வருவாள். அதற்குள் பெரியம்மா அந்த வார்த்தையை ஏப்ரனில் தைக்கக் கொடுத்துவிட்டார், சிறகுப் படத்துக்கு மேலேயும் பெரிதாக எழுதப்போகிறேன், பெயிண்ட் வாங்கியாகிவிட்டது என்றார். சுவரில் எழுதிவிட்டால் பிறகு எப்படி அழிப்பது. அம்மா அன்றைக்கே கிளம்பிவிட்டாள், நானும் கூடப் போனேன், மலைச்சரிவில் பறித்த மாசிபத்திரிக் கீரை ஒரு கூடை என் கையில், சும்மா போனதாக இருக்கக் கூடாது என்று.

கடையில் அப்போது ஆள் இல்லை. அம்மா கீரையைக் கொடுத்தாள், முட்டியைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள், பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், “அக்கா, அந்தப் பேனர்ல இருக்கறது நல்ல வார்த்தை இல்லக்கா, கழட்டிடுங்க” என்று. பெரியம்மா முதலில் சிரித்தார், உனக்கு ஆங்கிலம் எப்போது வந்தது என்று கேட்டார். நான் சியோல் பெண் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று. பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டு, “இருபது வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்து சிப்பி உடைச்சவ நீ. நான் எழுந்து வந்தேன், நீ இன்னும் அதே பலகையில உட்கார்ந்திருக்க. எனக்கு ஒரு நல்லது எழுதியிருக்காங்கன்னா உனக்கு ஏன் அது கெட்டதாத் தெரியுது?” என்றார். கீரைக் கூடையைப் பெரியம்மா திருப்பிக் கொடுத்தார், அம்மா வாங்கிக்கொண்டாள். நாங்கள் படியேறி வந்தோம். வீட்டுக்கு வந்து அம்மா முள்ளங்கி நறுக்கினாள், எதற்கு அவ்வளவு முள்ளங்கி என்று நான் கேட்கவில்லை, பலகை உடைந்துவிடும் போல அந்தச் சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை ஹேவொன். காலையில் பெரியம்மா கடைக் கதவைத் திறக்கும்போது கீழேயிருந்து ‘அடியே எழுந்துட்டியா’ என்று ஒரு குரல் கொடுப்பாரே, அது இல்லை. அம்மா அந்த நேரத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மடித்தாள், மடித்ததையே மடித்தாள். தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். நான் சமாதானம் பேசுகிறேன் என்றேன், உன் வாயால்தான் இந்த வம்பே, பேனரைக் கட்டியதும் நீதான், சும்மா இரு என்றாள், வாயால் இல்லை கையால்தான் கட்டினேன் என்று சொன்னேன், அன்றைக்கு எனக்குப் பழைய குழம்புதான் கிடைத்தது. ஆனால் பெரியம்மா சும்மா இருக்கவில்லை. அவருக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை வராது, தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அந்தக் குணம் உனக்குத் தெரியும்தானே. வருகிற ஒவ்வொரு வெளிநாட்டுக்காரரையும் பிடித்துப் பேனரைக் காட்டி, போனை நீட்டி, இது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்று கேட்க ஆரம்பித்தார். நானும் பியோவும் எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஜெர்மன்காரர், நல்ல உயரம், காதுவரை சிவந்துபோய் கணவாய் மிக நன்று என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு ஓடிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாளும் ஐயாவும் நல்லது நல்லது என்று தலையாட்டிவிட்டுத் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். இன்னொரு ஆள் விலை அதிகமாக இருந்தால் அப்படிச் சொல்வார்கள் என்றான், பெரியம்மா உடனே விலைப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து அவனிடம் காட்டி, கீழே கடைத்தெருவில் என்ன விலை என்று சண்டைக்குப் போய்விட்டார், அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு தட்டு வாங்கினான். பியோ சொன்னான், மேயரம்மா இந்த வேகத்தில் போனால் அந்த வார்த்தைக்கே அகராதி போட்டுவிடுவார் என்று.

கடைசியில் ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், முதுகில் பெரிய பை, தனியாக. அவளிடமும் பெரியம்மா கேட்டார். அவள் சிரிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து போனில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள், போன் அதைக் கரகரவென்று நம் மொழியில் சொன்னது, தெரு முழுக்கக் கேட்டது. திட்டுகிற வார்த்தை இல்லை, ஆனால் பாராட்டும் இல்லை. எங்களை மாதிரி வந்து போகிறவர்களுக்காகவே இருக்கிற இடம், அந்த ஊர்க்காரர்கள் யாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், அப்படிப்பட்ட இடத்தைச் சொல்வது. நாங்கள் எல்லோரும் சுற்றுலா வந்தவர்கள்தான், ஆனால் சுற்றுலாக்காரர்கள் இருக்கிற இடம் எங்களுக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொள்வோம், அது எங்களிடம் இருக்கிற ஒரு வேடிக்கை என்றாள். பெரியம்மா அதைக் கேட்டு முதலில் கடகடவென்று சிரித்தார், “அப்போ உங்களுக்கு உங்களையே பிடிக்காதா?” என்று கேட்டார், அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். அவள் போன பிறகும் பெரியம்மா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கடைக்குள் பார்த்தார், வெளியே பார்த்தார், எதிரே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பியோ அவசரமாக ஒரு சீப்பை எடுத்துத் துடைத்தான்.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா எழுந்து நின்றாள். பெரியம்மா உட்காரவில்லை, நேராக என்னிடம், “ஓக் தம்பி, நீ கடைசியா எப்போ என் கடையில உட்கார்ந்து சாப்பிட்ட?” என்று கேட்டார். நான் யோசித்தேன், நிஜமாகவே யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. கடை திறந்த அன்று எல்லோரும் போனோம், அதற்குப் பிறகு கூட்டமாக இருக்கிறது, வெளியூர் ஆட்கள், நமக்கெதற்கு அவர்களோடு வரிசையில் நிற்பது என்று போகாமலே பழகிவிட்டது. அம்மா, “அக்கா, உங்க கடை எப்பவும் நிறைஞ்சு இருக்குது, நாங்க வந்து இடத்தை அடைச்சுக்கிட்டா உங்களுக்குத்தானே...” என்று ஆரம்பித்தாள். பெரியம்மா, “நிறைஞ்சுதான் இருக்குது. யாரால நிறைஞ்சு இருக்குது? நாளைக்கு ஒருத்தனும் திரும்பி வரமாட்டான். எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவிட்டு நான் தனியா உட்கார்ந்து சாப்பிடறேன், ஏழு வருஷமா. நீ வந்து அந்த வார்த்தை கெட்டதுன்னு சொன்னே. கெட்டது வார்த்தையில இல்லடீ. அந்த வார்த்தை பொய்யா இருந்தா நான் ஏன் கோபப்படறேன்? நிஜமா இருக்குது, அதான்” என்றார். சொல்லும்போது தலைத்துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அம்மா பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தாள். அன்னைக்குச் சொன்னது எனக்கு மனசுல இல்லக்கா என்றாள், எனக்கு இருக்குது என்றார் பெரியம்மா, உன்னைப் பொறாமைக்காரின்னு சொன்னேன், நீயும் ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருக்கலாம், பேசாம போய்ட்டியே, அதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துது என்றார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, அம்மா நறுக்கி ஊறவைத்த அந்த முள்ளங்கியைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள், பெரியம்மா உப்பு தூக்கல் என்றார், அம்மா கோபத்தில் போட்டது என்றாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு உத்தரவு போட்டார். திங்கட்கிழமை மத்தியானம் மேட்டுத் தெரு ஆட்கள் எல்லோரும் கடைக்கு வர வேண்டும், யார் வீட்டிலும் அன்று உலை வைக்கக் கூடாது. “ஆனா காசு கொடுத்துச் சாப்பிடணும். சும்மா போட்டா அது விருந்து, கடை ஆகாது” என்றார். பியோ வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார், கீழ்வீட்டு வலைக்காரர் வீட்டுக்கும் போனார்.

திங்கட்கிழமை போனோம். நீ பார்த்திருக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குப் போடுகிற சுருட்டுச் சோறு கிடையாது, அன்றைக்குக் காலையில் துறைமுகத்தில் வாங்கிய நாக்கு மீனும் மாசிபத்திரிக் கீரையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கச் சூப், நம் ஊரில் இந்தப் பருவத்தில் எல்லார் வீட்டிலும் வைப்பதுதான், கடைப் பலகையில் அது எழுதியதே இல்லை. அம்மா திருப்பி வாங்கி வந்த அதே கூடையில் புதுக்கீரை பறித்துக்கொண்டு விடியும்போதே போய்விட்டாள். மேஜைகளை ஒட்டிப்போட்டு எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பியோ முதல் கரண்டி குடித்துவிட்டு, “மேயரம்மா, உப்பைக் கடல்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?” என்றான். வலைக்காரர் மனைவி மீன் ஒரு கொதி கூடிவிட்டது என்றாள். நான் கீரையைக் கடைசியில் போட்டிருக்க வேண்டும் என்றேன், அம்மா என் காலை மிதித்தாள். பெரியம்மாவுக்கு முகம் சிவக்கும் என்று நினைத்தேன், அவர் கரண்டியும் கையுமாக நடுவில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “பாரு, வந்து போறவன் ஒருத்தன்கூட என் முகத்துக்கு நேரா உப்பு கம்மின்னு சொன்னதில்ல. ரொம்ப நல்லா இருக்குன்னு குனிஞ்சு சொல்லிட்டு, போய் எழுதுவான். நீங்க முகத்துக்கு நேரா சொல்லிட்டு நாளைக்கும் இங்கயேதான் இருப்பீங்க” என்றார். சொல்லிவிட்டு உப்பு டப்பாவைப் பியோ முன்னால் டக்கென்று வைத்தார், கை இருக்குதில்ல, போட்டுக்கோ என்றார்.

அதற்குள் வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் போட்ட சத்தம் அப்படி. ஒரு வெளிநாட்டு ஜோடி பேனருக்குக் கீழே நின்று உள்ளே எட்டிப் பார்த்தது, ஊர்க்காரர்கள் இத்தனை பேர் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்களே, இதுதான் இடம் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது, கண் பெரிதாகிவிட்டது. எங்கள் கிண்ணத்தைக் காட்டி இரண்டு விரலைத் தூக்கினார்கள். ஏழு வருஷத்தில் வந்தவர் யாரையும் திருப்பி அனுப்பாத பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார், “இடம் இல்ல. ஊர்க்காரங்க சாப்பிடறாங்க. காத்திருங்க” என்றார், போனில்கூடச் சொல்லவில்லை, வாயால்தான், கையைக் காட்டினார். அவர்களுக்குப் புரிந்துவிட்டது, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் சிறகுச் சுவருக்குப் போய் நிழலில் உட்கார்ந்தார்கள். உள்ளே திரும்பி வந்தபோது பெரியம்மாவின் முகத்தை நான் பார்த்தேன், கடை திறந்த நாளில்கூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நான் ஏணியைக் கொண்டு வந்தேன், கட்டியவன் கையாலேயே கழற்றிவிடலாம் என்று. பாதி ஏறிவிட்டேன், பெரியம்மா கீழே இருந்து இறங்கு தம்பி என்றார். “இருக்கட்டும். சிறகு அவங்களுக்காகத்தானே வரைஞ்சது, படிக்கட்டுக் கைப்பிடி அவங்களுக்காகத்தானே போட்டது, அதெல்லாம் இல்லேன்னா இந்த மேடு எங்க, நான் எங்க? என்னை அப்படிச் சொல்றவன் சொல்லட்டும். நான் யாருன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்” என்றார். ஏப்ரனில் தைக்க வேண்டாம் என்று மட்டும் தையல்காரியிடம் சொல்லிவிட்டார், வாங்கிய பெயிண்டைக் கழிவறைப் பின்சுவர் உப்புக்காற்றில் உரிந்து கிடந்ததற்கு அடித்தாயிற்று, இப்போது அவர் கழிவறை துறைமுகத்திலிருந்து பார்த்தாலும் சிவப்பாகத் தெரிகிறது. அந்த வார்த்தையை நீ இனிமேல் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை மகளே, நீ எங்கே போனாலும் அந்த ஊரில் வீடு வைத்து இருக்கிறவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துச் சாப்பிடு, அது நல்லதுதான். ஆனால் அப்படி இல்லாத கடை ஒன்றைப் பார்த்தால், அதற்குள்ளே கடை அடைத்த பிறகு யாரோ தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள், அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் எழுது.

மற்றபடி இங்கே எல்லாம் நன்றாகவே போகிறது. பழைய படகு இயந்திரம் ஒன்றைப் பார்க்க என்னை இன்னும் கூப்பிடுகிறார்கள், போகிறேன், எண்ணெய்க் கறையோடு வந்து திட்டு வாங்குகிறேன். மாடியில் மிளகாய் நாற்று வைத்திருக்கிறேன், பூனை ஒன்று தினமும் அதில் படுத்துத் தூங்குகிறது, விரட்ட மனசு வரவில்லை. குளிர் வருகிறது என்று ஹீட்டரை ராத்திரி முழுக்கப் போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வை. வேலை முடிந்து வந்ததும் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அவரைக் கோபிக்காதே, நான்தான் கேட்டேன். இங்கே இலையுதிர் காலத்தில் வருவதற்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று அம்மா தினமும் கேட்கிறாள், என்னிடம் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும், அவளுக்கே நேராக ஒரு வார்த்தை சொல். மாப்பிள்ளையின் செருப்பு அளவை மறக்காமல் எழுது, கீழே கடைத்தெருவில் அம்மா ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறாள், அவர் கால் எவ்வளவு பெரிது என்று கடைக்காரருக்குக் கையை விரித்துக் காட்டினாளாம், அவர் நம்பவில்லை.

இதற்குமேல் எழுதினால் எனக்கு அடி விழும், அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள், பெரியம்மா கடைக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தாமதமானால் நமக்கும் சிறகுச் சுவர் நிழலில் காத்திருப்பதுதான் கதி என்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் மனசும் எப்போதும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆசீர்வாதங்களுடன்
உன் அப்பா
ஓக் கிபொங்